இன்னொருத்தியின் சாட்சி

"ஏட்டி, ஒம் பேரச் சொல்ல மாட்டேன். சத்தியமாச் சொல்ல மாட்டேன். போதுமா?"

"பேரச் சொல்லாட்டி தெரியாதாக்கும்? நீயும் நானும் ஒரே ரூம்ல கெடக்கோம். ‘எங்கூட இருக்கிற பிள்ளை’ன்னு நீ வாயத் தொறந்தாலே முடிஞ்சுபோச்சு. மெதுவாப் பேசு, பக்கத்து ரூம்ல கேக்குது."

"கேட்டா என்ன? நல்ல விஷயந்தான?"

"ஒனக்கு நல்ல விஷயம்."

எமீமாவின் கையிலிருந்த சீப்பு பாதித் தலையில் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, சபைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது, இவளோ வாளித் தண்ணீரில் சுடிதாரை முக்கி முக்கி எடுத்துக்கொண்டு பிடிகொடுக்காமல் பேசுகிறாள். விஷயம் வேறொன்றுமில்லை. வேல்விழிக்கு வலிப்பு நோய். மழை தொடங்கின நாளிலிருந்து ஒரு தடவைகூட அது வரவில்லை. அதைச் சபையில் எழுந்து நின்று சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று எமீமா துடிக்கிறாள். வேண்டவே வேண்டாம் என்று வேல்விழி கெஞ்சுகிறாள்.

எமீமாவுக்குச் சாத்தான்குளம் பக்கம், வேல்விழிக்கு அருப்புக்கோட்டை பக்கம். இரண்டு பேரும் பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூர் வந்து, நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு லைன் வீட்டில் அறை எடுத்து ஒன்றாகப் பொங்கித் தின்றவர்கள். எமீமா ஓவர்லாக் டெய்லர். வேல்விழி கைமடியாகச் சேர்ந்தாள். டெய்லர் தைத்துத் தள்ளுகிற பீசை எடுத்து, பிரித்து, மடித்து அடுத்த மெஷினுக்குக் கொடுக்கிற வேலை. காலையில் நின்றால் ஒன்றரை ஷிப்ட் முடிகிறவரை நின்றபடியே இருக்க வேண்டும்.

அறைக்கு வந்த புதிதில் ஒரு சாயங்காலம் வேல்விழி பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்தாள். எமீமா போட்ட சத்தத்தில் லைன் முழுக்க எட்டிப் பார்த்தது. நல்லவேளை, கதவைச் சாத்துகிற அளவுக்காவது புத்தி இருந்தது. சாவிக் கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள், இயேசப்பா இயேசப்பா என்று அழுதாள், தண்ணீரைத் தெளித்தாள். வேல்விழி கண் விழித்துக் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, கையிலிருந்த சாவியைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்க ஊர்க்காரங்களும் இப்டித்தான். இரும்பக் குடுத்தா நின்னுருமா? அது தானா நிக்கும். ஒருச்சாச்சுப் படுக்க வையி, தலைக்கடியில துணி வையி, வாயில ஒண்ணையும் திணிக்காத. அம்புட்டுதான்."

"அம்புட்டுதானா?"

"இன்னொண்ணு இருக்கு. யார்ட்டயும் சொல்லிராத."

ஏன் என்று எமீமா கேட்கவில்லை, வேல்விழியே சொன்னாள். ஊரில் அவளைக் கிணற்றுப் பக்கம் விடமாட்டார்கள். அடுப்பைப் பற்றவைக்க விடமாட்டார்கள். அரிவாள்மனையைத் தொட்டால் அம்மா ஓடிவந்து பிடுங்குவாள். கல்யாண வீட்டுக்குப் போனால் ஒரு மூலையைக் காட்டி உட்காரச் சொல்லி, யாராவது ஒருத்தர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "எனக்கு ஒரே ஒரு ஆசதான் எமீமா. ஒரு மெஷின்ல உக்காந்து தைக்கணும். என்னைய யாரும் பாத்துக்கிட்டே இருக்கக் கூடாது."

எமீமாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு எதற்கெடுத்தாலும் அழுகை வரும், அது வேறு. மறுநாளே டீ நேரத்தில் தன் மெஷினில் வேல்விழியை உட்காரவைத்தாள். கட்டிங் வேஸ்ட்டைப் பொறுக்கி வந்து ஓட்டச் சொன்னாள். எல்லாரும் பன்னைத் தின்றுகொண்டு கதை பேசுகிற நேரத்தில் இந்த இரண்டும் தலையைத் தலையோடு முட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருக்கும். "மிதிக்காதட்டி, பாதத்த வைக்கத்தான் செய்யணும், நீ என்ன நெல்லா குத்துதா?" என்று எமீமா கத்துவாள். "நீ வாய மூடு, ஊசி பயப்படுது" என்பாள் வேல்விழி. இப்படியே கை ஓடத் தொடங்கியது. ஒருநாள் ஒரு டெய்லர் வரவில்லை, சூப்பர்வைசர் கிட்டுசாமி காலி மெஷினைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றபோது எமீமா வேல்விழியைப் பிடித்து முன்னால் தள்ளினாள். அவர் ஒரு கட்டு பீஸ் கொடுத்துப் பார்த்தார். வாங்கித் திருப்பித் திருப்பித் தையலைப் பார்த்தார்.

"ஏம்மிணி, கை இப்புடி ஓடுதே, இத்தன நாளா எதுக்குங் கைமடியாவே நின்னுட்டிருந்தே? நாளையிலிருந்து உக்காந்துக்கோ."

அன்று வேல்விழி கட்டிங் வேஸ்ட்டை அடைத்துத் தன் ஸ்டூலுக்கு ஒரு திண்டு தைத்தாள். பச்சை, சிவப்பு, ஊதா, பத்துக் கலர் ஒட்டுப்போட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அன்றைக்குத்தான், மழை தொடங்கின அந்த நாளில்தான், எமீமா அந்தக் காரியத்தைச் செய்தாள். ஓவர்லாக் மெஷினில் ஊசி மட்டும் இல்லை, துணி ஓரத்தைச் சீவுகிற கத்தியும் உண்டு. அந்தக் கத்திப் பக்கத்தில் இவள் விரல் இருக்கும்போது வலிப்பு வந்துவிட்டால்? முழங்காலில் நின்று பொருத்தனை செய்துவிட்டாள். ஆண்டவரே, இந்த வருஷம் முடிகிறவரைக்கும் இவளுக்கு ஒரு தடவைகூட வரவிடாதேயும், நீர் காத்துக்கொண்டால் சபை நடுவில் எழுந்து நின்று உமக்குச் சாட்சி சொல்லுகிறேன். அவள் ஊரில் அப்படித்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் பொருத்தனை, கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்றாலும் பொருத்தனை. கேட்டது கிடைத்தால் சபையில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் கிடைத்தது கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து பயந்தே வளர்ந்த பிள்ளை அவள்.

யாருக்காகப் பொருத்தனை செய்தாளோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

இப்போது டிசம்பர் மாதம் கடைசி ஞாயிறு. வருஷம் முடிகிறது.

"யாரு ஒன்னைய பொருத்தனை பண்ணச் சொன்னது?" என்றாள் வேல்விழி, சுடிதாரைப் பிழிந்துகொண்டே.

"ஒம்மேல உள்ள பிரியத்துலதான பண்ணுனேன்."

"பிரியத்துல பண்ணுனா எங்கிட்ட கேட்டுல்ல பண்ணணும். ஒங்க சபைக்கு வர்ற பாண்டியம்மாக்கா நம்ம கம்பெனி செக்கிங்ல இருக்காங்க. அவுங்க காதுல விழுந்தா கம்பெனி முழுக்க விழுந்த மாதிரி. என் மெஷினு போயிரும் எமீமா."

"நா சொல்லாம விட்டு, திரும்ப வந்துட்டுன்னா?"

"வந்தா வரட்டும். அதுக்குத்தான மாத்திர போடுறேன்."

மாத்திரை. ஆமாம், பெரியாஸ்பத்திரியில் மாதாமாதம் வரிசையில் நின்று வாங்கிவருவாள், காலையும் ராத்திரியும் தவறாமல் போடுவாள். எமீமா அவள் தலையில் கைவைத்து ஜெபிக்கும்போது, மாத்திரையை முழுங்கிவிட்டு அடக்கமாகக் கண்ணை மூடிக்கொள்வாள். இரண்டும் ஒன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தன.

"சரி, சொல்லல. போதுமா? மூஞ்சிய இப்டி வைக்காத."

"நெசமா?"

"நெசமா."

வேல்விழி ஈரக் கையோடு அவள் கன்னத்தைக் கிள்ளி அனுப்பினாள்.

சபை என்பது ஒரு காலத்தில் துணி குடோனாக இருந்த தகரக் கொட்டகை. பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்தது. அன்றைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். வருஷக் கடைசி, கர்த்தர் செய்த அற்புதத்தைச் சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார். ஒருவர் எழுந்து, நெடுநாளாக வராத கேஸ் சிலிண்டர் ஜெபித்தவுடன் வந்ததைச் சொன்னார். இன்னொருவர் பல் வலி நின்றதைச் சொன்னார். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொன்னார், பின்னால் யாரோ சிரித்தார்கள். பிரசங்கியார் முகத்தில் ஒரு களைப்பு. "வேற? பெரிய காரியம் யாருக்கும் நடக்கலயா?"

எமீமாவுக்கு உள்ளங்கால் சுட்டது. பெரிய காரியம் என்னிடம் இருக்கிறதே! சிலிண்டருக்கெல்லாம் எழுந்து நிற்கிறார்கள், நான் வாயில் துணியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே! கூடவே அந்தப் பழைய பயம். இன்றைக்கு விட்டால் வருஷம் முடிந்தது, பொருத்தனை பொய்யானது, நாளைக்கே அந்தக் கத்தி முன்னால் அவள் சரிந்தால் அந்த இரத்தம் யார் தலையில்? வேல்விழிக்குக் கொடுத்த வாக்கா, கர்த்தருக்குக் கொடுத்த வாக்கா? கேள்வியை இப்படிப் போட்டுக்கொண்டால் பதில் எந்தப் பக்கம் விழும்? எழுந்துவிட்டாள்.

"எங்கூட இருக்கிற ஒரு சகோதரிக்கு," என்று ஆரம்பித்தாள். பேரைச் சொல்லவில்லை. அதுவரைக்கும் வாக்கைக் காப்பாற்றினாள். வலிப்பைச் சொன்னாள், விழுந்ததைச் சொன்னாள், பொருத்தனையைச் சொன்னாள், மழை தொடங்கினதிலிருந்து வரவே இல்லை என்று சொன்னபோது கொட்டகை அதிர்ந்தது. பிரசங்கியார் இரண்டடி முன்னால் வந்தார்.

"மருந்து மாத்திர ஏதாச்சும் எடுத்தாங்களாம்மா?"

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். எல்லாக் கண்ணும் அவள் மேல். ஆமாம் என்றால் இந்தப் பெரிய காரியம் பல்லைப் பிடுங்கின காரியமாகச் சுருங்கிவிடும்.

"இல்லீங்க ஐயா. ஜெபம் மட்டுந்தான்."

அல்லேலூயா என்று எழுந்த சத்தத்தில் தகரம் நடுங்கியது. பாண்டியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை எமீமா பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. உண்மையிலேயே, அந்த நிமிஷம், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

அறைக்கு வந்து, "சொன்னியா?" என்று வேல்விழி கேட்டதற்கு, "பசிக்குட்டி, சோத்தப் போடு" என்றாள்.

திங்கட்கிழமை காலை மெஷின்கள் ஓடத் தொடங்கிச் சூடு பிடித்த நேரம். செக்கிங் டேபிளிலிருந்து பாண்டியம்மாள் எழுந்து, கையில் ஒரு டேமேஜ் பீசைப் பிடித்தபடி நேராகத் தையல் லைனுக்குள் வந்தாள். நல்ல மனுஷி. உசிலம்பட்டிக்காரி, மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாதவள். வேல்விழியின் தலைமேல் இரண்டு கையையும் வைத்தாள்.

"ஏ ஆத்தா, என் தங்கமே! இம்புட்டுக் கஷ்டத்த வச்சுக்கிட்டா இங்கன உக்காந்திருந்த? வலிப்பு சொகமாயிருச்சாம்ல? மாத்திர மருந்து ஒண்ணு இல்லாம! ஸ்தோத்திரம் தாயி, ஸ்தோத்திரம்!"

வேல்விழியின் கால் பெடலிலிருந்து எழும்பியது. அவள் மெஷின் நின்றது. பக்கத்து மெஷின் நின்றது. வரிசையாக ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வந்தது. கைமடிப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். வேல்விழி திரும்பி எமீமாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. என்ன நடந்தது என்று கேட்கிற மாதிரி பார்த்தாள்.

கிட்டுசாமி வந்தார். "என்னங்க்கா சொல்றீங்க? யாருக்குங்க வலிப்பு?"

அதற்குப்பின் ரொம்ப நேரமாகவில்லை. கம்பெனி ஓனரின் மனைவி முத்தாத்தாள் வந்துவிட்டார். அந்தம்மாள் யாரையும் ஒருமையில் அதட்டிப் பேசினது கிடையாது, அன்றைக்கும் பேசவில்லை. ஸ்டூலை இழுத்து வேல்விழி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங் கண்ணு, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லோ? கத்தி ஓடற மெஷினு. உன்ற கை உள்ள போயிருச்சுன்னா உங்க ஊட்டுக்கு நாங்க என்ன சாமி பதில் சொல்றது?"

"மாத்திர போட்டுக்கிட்டுத்தான் இருக்கேங்கம்மா. தெனமும் ரெண்டு நேரம் போடுறேன். அதுலதான் நின்னிருக்கு. டாக்டர்ட்ட வேணாலும் கேளுங்க."

"மாத்திரயே இல்லாம நின்னுபோச்சுன்னு இந்தக்கா சொல்றாங்களே. எதைங் கண்ணு நாங்க நம்பறது?"

பாண்டியம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். "நாஞ் சொல்லலங்க. எமீமாவே மைக்ல சொல்லுச்சு. ஏ எமீமா, நீயே சொல்லு."

அப்போது எமீமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆமாம், அவள் மாத்திரை போடுகிறாள், நான்தான் மறைத்துவிட்டேன் என்று. அவ்வளவுதான். முத்தாத்தாள் மனம் மாறியிருப்பாரா, மாறியிருக்கமாட்டாரா, அது அப்புறம். வேல்விழி பொய் சொல்லுகிறவள் அல்ல என்பதாவது நின்றிருக்கும். எமீமா பாண்டியம்மாளின் முகத்தைப் பார்த்தாள். நேற்று அழுத முகம், இன்றும் பளபளவென்று இருந்தது. சபை முழுக்க அந்த முகத்துக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. குனிந்து, அறுந்துபோகாத நூலை ஊசியில் கோத்தாள்.

"கோவிச்சுக்காத சாமி," என்று முத்தாத்தாள் எழுந்தார். "வேலைய விட்டெல்லாம் நிறுத்தல. அடுக்கிக் கட்டறதுக்குப் போ. கத்திரிகூட வேண்டாம், பிசிறு வெட்டறவிங்க கூட உக்காராத. உன்ற நல்லதுக்குத்தாங் கண்ணு."

வேல்விழி திண்டை எடுத்துக்கொண்டு போனாள். அடுக்கிக் கட்டுகிற இடத்தில் ஸ்டூல் கிடையாது. திண்டைச் சுவரோரம் சாத்திவைத்துவிட்டு நின்றாள்.

அறையில் அவள் சண்டை போடவில்லை. எமீமா காலைப் பிடிக்காத குறையாகப் பேசினாள். பொருத்தனையைச் சொன்னாள், பயத்தைச் சொன்னாள், பிரசங்கியார் கேட்ட கேள்வியைச் சொன்னாள். வேல்விழி குழம்பை இறக்கிவைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எல்லாத்தயும் சொன்ன. நா விழுந்ததச் சொன்ன, வாயில நொர வந்ததச் சொன்ன. மாத்திரைய மட்டும் ஏன் விட்ட?"

எமீமா குழம்புச் சட்டியின் மூடியை எடுத்து மூடினாள்.

"என் வலிப்பு ஒங்க சாமிக்கு வேணும். என் மாத்திர வேண்டாம். அப்டித்தான?"

"அப்டிப் பேசாதட்டி. ஒன்ன எனக்கு எம்புட்டுப் பிடிக்கும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். சொகமான வேல்விழிய ஒனக்கு ரொம்பப் பிடிக்கும்."

அதோடு தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவுமில்லை. எமீமாவுக்கு அது தெரியும். ஆஸ்பத்திரியில் தூக்கம் கெடக் கூடாது என்று சொல்லியனுப்பியிருந்ததும் தெரியும். ஜெபம் பண்ணவா என்று ஒருமுறை கேட்டாள். வேல்விழி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் எழுந்துகொண்டிருந்தபோது அடுக்குகிற இடத்தில் சத்தம் கேட்டது. கட்டி வைத்த பனியன் அடுக்கு சரிந்து, அதன்மேல் வேல்விழி கிடந்தாள். கை கால் இழுத்துக்கொண்டிருந்தது.

எமீமா ஓடினாள். ஓடித்தான் போனாள், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்வரிசை வரைக்கும் போய்விட்டாள். அங்கே எதிரில் பாண்டியம்மாள். பயந்து போய், கையைப் பிசைந்துகொண்டு, சிறு பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள்:

"ஏ எமீமா, சொகமாயிருச்சுன்னு சொன்னியே தாயி?"

அத்தனை பேரும் திரும்பினார்கள். எமீமாவின் கால் நின்றுவிட்டது. ஒருச்சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும், தலைக்கடியில் துணி வைக்க வேண்டும், அந்தக் கம்பெனியில் அது தெரிந்த ஒரே ஆள் அவள். துணிக்கா பஞ்சம், காலடியில் மலையாகக் கிடந்தது. ஆனால் அவள் மண்டைக்குள் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது வேல்விழி அல்ல. ஞாயிற்றுக்கிழமை சபையில் என்ன சொல்வது என்பது ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்டர் கேட்டால்? பாண்டியம்மாள் சொல்லிவிட்டால்? சாட்சி என்னாவது?

"தள்ளுங்க, தள்ளுங்க!" என்று கிட்டுசாமி வந்தார். பதறிக்கொண்டு, இடுப்பிலிருந்த குடோன் சாவிக் கொத்தை உருவி அவள் கையில் வைத்து அழுத்தினார். யாரோ தண்ணீரை மூஞ்சியில் ஊற்றினார்கள். பாண்டியம்மாள் சத்தமாக ஜெபித்தாள். வேல்விழியின் தலை வெறும் சிமெண்டுத் தரையில் முட்டி முட்டி அடித்தது.

அது தானாக நின்றது. எப்போதும் அப்படித்தான் நிற்கும்.

வேல்விழி கண் திறந்தாள். கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கூரையைப் பார்த்தாள். ஈரத் தலையைத் தொட்டாள். மூடிய கையைத் திறந்து உள்ளே இருந்த சாவிக் கொத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்து, முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற எமீமாவின் முகத்தில் நிறுத்தினாள்.

கிட்டுசாமியிடம், "இந்தாங்கண்ணே, ஒங்க சாவி," என்று கொடுத்துவிட்டுத் தானாக எழுந்து உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கினதும் வேல்விழி பையைக் கட்டினாள். எமீமா கதவை மறித்துக்கொண்டு நின்று அழுதாள்.

"எங்கட்டி போற? நாளைக்குச் சபையில எந்திரிச்சு நாஞ் சொன்னது பொய்யின்னு சொல்லுதேன். எல்லாரு முன்னாலயும் சொல்லுதேன். இரு."

"ஐயோ சாமி, வேணாம்," என்று வேல்விழி கையெடுத்துக் கும்பிட்டாள். விளையாட்டுக்குக் கும்பிடவில்லை. "மறுபடியும் எங் கதையத்தான சொல்லணும்? அன்னைக்குச் சொகமானதச் சொன்ன, நாளைக்குச் சொகமாகாததச் சொல்லுவ. நா யாரு எமீமா ஒனக்கு?"

"எந் தங்கச்சி மாதிரி."

"ஒந் தங்கச்சின்னா சொல்லியிருக்க மாட்ட."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எமீமாவை விலக்கிவிட்டு வாசல்வரை போய்த் திரும்பினாள். குரலில் சூடு இல்லை, அதுதான் எமீமாவால் தாங்க முடியாததாக இருந்தது.

"தேடிக்கிட்டு வராத. வந்தா நீ அழுவ. நீ அழுதா நா மன்னிச்சிருவேன், எனக்கே தெரியும். அப்பறம் அதையும் நீ போயி மைக்ல சொல்லுவ."

போய்விட்டாள்.

பாண்டியம்மாள் அதற்கடுத்த வாரம் லைன் வீட்டுக்கே வந்து, "நாந்தான் வாய வச்சு அந்தப் பிள்ள பொழப்பக் கெடுத்துப்புட்டேன்" என்று மூக்கைச் சிந்தினாள். அவளால்கூட அழ முடிந்தது. எமீமாவுக்கு, எதற்கெடுத்தாலும் அழுகிற எமீமாவுக்கு, அதன்பின் அழுகையே வரவில்லை. பாஸ்டர் ஒருநாள் அந்தச் சகோதரியை ஏன் அழைத்துவரவில்லை என்று விசாரித்தார். ஊருக்குப் போய்விட்டாள் என்றாள். சாட்சி நேரம் வரும்போதெல்லாம் எழுந்து உண்மையைக் கொட்டிவிட வேண்டும் என்று கால் பரபரக்கும். கொட்டினால் இவளுக்கு நெஞ்சு இலேசாகும், நாலு பேர் எவ்வளவு தாழ்மை என்று மெச்சக்கூடச் செய்வார்கள். வேல்விழி மறுபடியும் தரையில் நுரை தள்ளிக்கொண்டு கிடப்பாள், இந்தத் தடவை சபை நடுவில். உட்கார்ந்தே இருந்தாள். அவள் பக்கத்தில் மைக் வந்தால் தலையை ஆட்டி அடுத்தவர்களுக்குத் தள்ளிவிட்டாள். எமீமாவுக்கு விசுவாசம் தணிந்துவிட்டது என்று பேச்சு வந்தது. வரட்டும் என்று விட்டாள்.

ராத்திரி ஜெபத்தில் வேல்விழி பேரைச் சொல்ல ஆரம்பிப்பாள். இவளுக்கு இதைச் செய்யும், நான் அதைச் செய்கிறேன் என்று வாய் பழக்கத்தில் ஓடும். சட்டென்று நிறுத்திக்கொள்வாள். ஒன்றும் கேட்காமல், ஒன்றும் பேரம் பேசாமல் ஒருத்தியின் பேரை மட்டும் சொல்லிக்கொண்டு முழங்காலில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் அன்பு அன்பு என்று பாடினவள், அதை ஒருநாள்கூடச் சும்மா கொடுத்ததில்லையோ என்று தோன்றியது. சாப்பாடு போட்டாள், தையல் சொல்லிக்கொடுத்தாள், காய்ச்சலில் கால் பிடித்துவிட்டாள், எல்லாம் உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில், இவள் குணமாக வேண்டும், குணமானதை நான் சொல்ல வேண்டும் என்று ஒன்று உட்கார்ந்திருந்ததே. குணமாகாத வேல்விழி கண்ணெதிரே விழுந்து கிடந்தபோது கால் நகரவில்லையே.

கோடைக்காலம் வந்தது. ஒருநாள் டீ நேரத்தில் பாண்டியம்மாள் வந்து காதோரம் குனிந்தாள். இந்தத் தடவை மெதுவாகத்தான் பேசினாள், அவளும் அந்த அளவுக்கு மாறியிருந்தாள்.

"ஏ எமீமா, வேல்விழிய எங்க சித்தி மக பாத்துச்சாம். தாராபுரத்துல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால நைட்டி தைக்கிற எடம் ஒண்ணு இருக்காம்ல, அங்கன இருக்காளாம். சேரும்போதே வலிப்பு இருக்குன்னு சொல்லிட்டுத்தான் சேந்தாளாம். அங்கன உள்ள ஓனரம்மா சரின்னுட்டாங்களாம். விழுந்தா என்ன செய்யணும்னு கூட வேல பாக்குற பிள்ளைக எல்லாத்துக்கும் அவளே சொல்லிக் குடுத்திருக்காளாம்."

"மெஷின்லயா உக்காந்திருக்கா?"

"மெஷின்லதான்."

எமீமா டீயை அப்படியே கீழே வைத்தாள். சந்தோஷம் வந்தது, கூடவே ஓர் இடத்தில் சுருக்கென்று குத்தியது. அவள் நன்றாக இருக்கிறாள். எமீமா இல்லாமல், எமீமாவின் ஜெபம் இல்லாமல், நன்றாக இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் எமீமா பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். தாராபுரம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர், "ஏனுங், வர்றீங்களா இல்லீங்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். அவள் படியில் ஒரு கால் வைத்திருந்தாள். போனால் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் தேடி வராதே என்று அவள் சொன்னாளே, அவள் கேட்ட ஒரே ஒரு காரியம் அது, அதையும் மீறிப் போனால் அது மறுபடியும் யாருடைய நிம்மதிக்காக? போகாமல் இருந்தால்? தான் விழுந்து கிடந்தபோது பார்த்துக்கொண்டே நின்றவள், கடைசிவரை வரவுமில்லை என்றுதானே வேல்விழி நினைப்பாள்? கதவுவரை போய்த் திரும்பிப் பேசினாளே, அந்தத் திரும்பலுக்கு ஒரு அர்த்தமும் இல்லையா? அன்பு என்றால் போய் நிற்பதா, சொன்ன சொல்லைக் கேட்டு விலகி இருப்பதா? கதையைச் சொல்லுகிற எனக்கே திரும்பத் திரும்ப யோசித்தும் பிடிபடவில்லை, பஸ்ஸோ நகரப் போகிறது, சீக்கிரம் சொல்லுங்களேன், எமீமாவின் இடத்தில் நீங்கள் இருந்தால் ஏறுவீர்களா, இறங்குவீர்களா?